கார்ஃபீல்டைக் கொன்ற இரண்டு பழக்கங்கள்

1881 செப்டம்பர் 20. நியூ ஜெர்சி கடற்கரையோரம் எல்பெரோன் என்ற சிற்றூரில், முந்தின இரவு இறந்துபோன அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்தார்கள். ஏறக்குறைய எண்பது நாள் அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்களே சுற்றி நின்றார்கள். முதுகின் வலதுபக்கம் நுழைந்த தோட்டா வலதுபக்கமாகவே இடுப்பை நோக்கி இறங்கிவிட்டது என்று அத்தனை நாளும் அவர்கள் சாதித்திருந்தார்கள். உடலைத் திறந்து பார்த்தால் தோட்டா இடதுபக்கம், கணையத்துக்கு அருகே இருந்தது. அதைச் சுற்றிச் சதை வளர்ந்து ஓர் உறைபோல மூடியிருந்தது. உடம்பு தன் பங்குக்குத் தோட்டாவை அடக்கி வைத்துவிட்டது. வலதுபக்கத்தில் தோட்டா போன தடம் என்று அவர்கள் நினைத்திருந்தது, சீழ் அரித்து உண்டாக்கிய நீண்ட குழி.

கார்ஃபீல்ட் 1881 மார்ச் 4-ல் பதவி ஏற்றார். ஜூலை 2-ல் சுடப்பட்டார். உருப்படியாக ஆட்சி செய்தது நான்கு மாதம். அமெரிக்க ஜனாதிபதிகளின் வரிசையில் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடும் பெயர் இது. ஆனால் அவர் சாவுக்குப் பின்னால் அன்றைய அமெரிக்காவின் இரண்டு கெட்ட பழக்கங்கள் இருந்தன. அரசு வேலையைக் கட்சிக்காரனுக்குக் கூலியாகக் கொடுக்கும் பழக்கம் ஒன்று. கையைக் கழுவாமல் காயத்தைத் தொடும் பழக்கம் இன்னொன்று. முதலாவது அவரைச் சுட்டது, இரண்டாவது அவரைக் கொன்றது என்பது என் துணிபு.

முதலில் ஆளைப் பார்ப்போம். 1831 நவம்பர் 19-ல் ஒஹையோ மாநிலத்தில் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு குடிலில் பிறந்தார். அப்படிப்பட்ட குடிலில் பிறந்து ஜனாதிபதியானவர்களில் அவரே கடைசி. இரண்டு வயது முடியும் முன்பே அப்பா இறந்துவிட்டார். அம்மா எலைசாவும் அண்ணன் தாமஸும் நிலத்தில் பாடுபட்டுக் குடும்பத்தைக் கரையேற்றினார்கள். பதினாறு வயதில் கடலுக்குப் போகும் ஆசையில் வீட்டைவிட்டுக் கிளம்பியவருக்குக் கிடைத்தது கால்வாய்ப் படகை இழுக்கும் கோவேறு கழுதைகளை ஓட்டும் வேலை. நீச்சல் தெரியாது. திரும்பத் திரும்பத் தண்ணீரில் விழுந்து, சில வாரங்களில் குளிர்காய்ச்சலோடு வீடு வந்து சேர்ந்தார். தேறி எழுந்ததும் அம்மாவும் அண்ணனும் சேர்த்து வைத்திருந்த பதினேழு டாலரைக் கொடுத்துப் படிக்க அனுப்பினார்கள்.

1851-ல் ஹைரம் என்ற ஊரில் இருந்த கல்விக்கூடத்தில் சேர்ந்தபோது கட்டணத்துக்கு ஈடாகத் தரையைக் கூட்டினார், மணி அடித்தார். அடுத்த வருஷமே அங்கே உதவி ஆசிரியர். பிறகு மாசசூசெட்ஸில் வில்லியம்ஸ் கல்லூரியில் 1856-ல் பட்டம் வாங்கித் திரும்பி, முப்பது வயதுக்குள்ளாகவே தான் துடைப்பம் பிடித்த அதே ஹைரம் கல்விக்கூடத்தின் தலைவரானார். உள்நாட்டுப் போரில் வடக்கின் படையில் சேர்ந்து, 1862 ஜனவரியில் கென்டக்கியின் மிடில் கிரீக் சண்டையில் பேர் வாங்கி, மேஜர் ஜெனரல் வரை உயர்ந்தார். 1863 டிசம்பரில் பிரதிநிதிகள் சபைக்குப் போனவர் அங்கே பதினேழு வருஷம் இருந்தார். அரசியல்வாதி என்ற முறையில் அவர் மாசுமறுவற்றவர் என்று சொல்ல முடியாது. கிரெடிட் மொபிலியே என்ற ரயில்வே ஊழலில் 329 டாலர் பெற்றதாக அவர்மேல் குற்றச்சாட்டு எழுந்தது. அவர் மறுத்தார். 1880 தேர்தலில் எதிராளிகள் 329 என்ற எண்ணை மட்டும் சுவர்களிலும் நடைபாதைகளிலும் எழுதிப்போட்டார்கள்.

அவருடைய மூளை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சான்று உண்டு. பிதாகரஸ் தேற்றத்துக்கு அவர் கண்டுபிடித்த நிரூபணம் 1876-ல் ஒரு கல்வி இதழில் வெளியானது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். a, b என்ற சிறு பக்கங்களும் c என்ற கர்ணமும் கொண்ட செங்கோண முக்கோணம் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் a பக்கமும் மற்றதன் b பக்கமும் ஒரே நேர்கோட்டில் அடுத்தடுத்து வரும்படி நிறுத்தி, மேல் முனைகளை ஒரு கோட்டால் சேர்த்தால் ஒரு சரிவகம் கிடைக்கும். அதன் இணைப் பக்கங்கள் a, b. அவற்றுக்கு இடையிலுள்ள தொலைவு a + b. ஆக, பரப்பு (a + b)² / 2. அதே சரிவகத்தை மூன்று முக்கோணங்களாகவும் பார்க்கலாம்: பழைய இரண்டும் சேர்ந்து ab, நடுவில் இரண்டு கர்ணங்களுக்கிடையே செங்கோணத்தோடு உண்டான மூன்றாவது c² / 2. இரண்டு கணக்கையும் சமப்படுத்தினால் a² + b² = c². அவ்வளவுதான். அரசியல் கூட்டங்களுக்கும் மசோதாக்களுக்கும் நடுவே இதை உட்கார்ந்து யோசித்த ஒருவர் பின்னால் நாட்டின் தலைவரானார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஜனாதிபதி பதவியை அவர் தேடிப் போகவில்லை. 1880 ஜூனில் சிகாகோவில் குடியரசுக் கட்சியின் மாநாடு. கட்சி இரண்டு அணியாகக் கிடந்தது. நியூயார்க் செனட்டர் ராஸ்கோ கான்க்ளிங் தலைமையிலான 'ஸ்டால்வார்ட்' அணி, முன்னாள் ஜனாதிபதி கிராண்டை மூன்றாம் முறையாகக் கொண்டுவரத் துடித்தது. மறுபக்கம் ஜேம்ஸ் பிளேனின் ஆட்கள். கார்ஃபீல்ட் வந்ததோ ஜான் ஷெர்மன் என்ற இன்னொருவருக்காகப் பேச. வாக்கெடுப்பு மேல் வாக்கெடுப்பாக யாருக்கும் பெரும்பான்மை வரவில்லை. 34-வது சுற்றில் விஸ்கான்சின் பிரதிநிதிகள் திடீரென்று 16 வாக்குகளைக் கார்ஃபீல்டுக்குப் போட்டார்கள். என் சம்மதம் இல்லாமல் என் பெயரைச் சொல்லாதீர்கள் என்று அவர் எழுந்து ஆட்சேபிக்க, அவைத்தலைவர் உட்காரச் சொல்லிவிட்டார். 36-வது சுற்றில் 399 வாக்கோடு அவரே வேட்பாளர். கான்க்ளிங் அணியைச் சமாதானப்படுத்த, அந்த அணியின் செஸ்டர் ஆர்தரைத் துணை ஜனாதிபதி வேட்பாளராக்கினார்கள். நவம்பரில் நாடு முழுக்கப் பதிவான 90 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வித்தியாசம் பத்தாயிரத்துக்கும் குறைவு. ஆனால் முடிவைத் தீர்மானிப்பது மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர்களின் வாக்குகள்; அதில் 214-க்கு 155 என்று ஜெயித்தார்.

பதவி ஏற்ற நாளில் அவர் பேசியது இன்று வாசித்தாலும் நெஞ்சைத் தொடும். 1787-ல் அரசியல் சட்டம் எழுதப்பட்ட பிறகு நடந்த மிகப் பெரிய மாற்றம், அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் முழுக் குடிமக்களானதுதான் என்றார். அடிமைத்தனத்துக்கும் சமக் குடியுரிமைக்கும் நடுவே வேறொரு இடம் கிடையாது என்றார். தெற்கில் கறுப்பர்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. கல்விதான் வழி, அதற்கு மத்திய அரசு செலவு செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம். ஃபிரெடரிக் டக்ளஸையும் பிளான்ச் புரூஸையும் வாஷிங்டனில் உயர்ந்த பொறுப்புகளில் அமர்த்தினார். இருவருமே அடிமைகளாகப் பிறந்தவர்கள்.

ஆனால் அந்த நான்கு மாதமும் அவர் நேரத்தைத் தின்றது வேறொன்று. வேலை கேட்டு வந்த கூட்டம்.

அன்றைய அமெரிக்காவில் கட்சி மாறினால் தபால் அலுவலக எழுத்தர் வரைக்கும் மாறுவார்கள். 1829-ல் ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்தில் வேரூன்றிய வழக்கம் இது. கொள்ளைப் பொருள் வென்றவனுக்கே சொந்தம் என்று 1832-ல் ஒரு செனட்டர் சபையிலேயே நியாயப்படுத்தினார். கட்சிக்கு உழைத்தவனுக்கு வேலை கிடைக்கும். வேலை கிடைத்தவன் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சி நிதிக்குக் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் வேலை போகும். இந்த இயந்திரத்தின் இருதயம் நியூயார்க் சுங்க இலாகா. நாட்டுக்கு வரும் சுங்க வருவாயில் பெரும்பகுதி அந்த ஒரு துறைமுகத்தில் வசூலானது. அங்கே யார் தலைமை அதிகாரியோ அவர் கையில் நியூயார்க் மாநிலக் கட்சியே அடக்கம். கான்க்ளிங்கின் ஆளாக ஆர்தர் அந்த நாற்காலியில் 1871 முதல் 1878 வரை இருந்தவர். சீர்திருத்தம் பேசிய ஜனாதிபதி ஹேய்ஸ் அவரை நீக்கினார்.

ஜனாதிபதி மாளிகையின் கதவு காலையில் திறந்ததும் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். படித்த, பழைய மொழிகளில் ஊறிய அந்த மனிதர் எந்த ஊர்த் தபால் நிலையத்துக்கு யாரைப் போடுவது என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். அதன் சலிப்பு அவர் நாட்குறிப்பில் நிறையவே தெரிகிறது. மார்ச் 23-ல் அவர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். கான்க்ளிங்கின் எதிரியான வில்லியம் ராபர்ட்சனை நியூயார்க் சுங்கத் தலைவராக நியமித்தார். தன் மாநிலத்து நியமனத்தில் தன்னைக் கேட்காமல் எதுவும் நடக்காது என்றிருந்த கான்க்ளிங், மே 16-ல் செனட்டர் பதவியையே ராஜினாமா செய்தார். நியூயார்க்கின் இன்னொரு செனட்டரான டாமஸ் பிளாட்டும் கூடவே விலகினார். மாநில சட்டசபை தங்களைத் திரும்பத் தேர்ந்தெடுத்து அனுப்பும், ஜனாதிபதியின் மூக்கு உடையும் என்பது அவர்கள் கணக்கு. சட்டசபை அனுப்பவே இல்லை. கான்க்ளிங்கின் அரசியல் அத்தோடு முடிந்தது.

வேலை கேட்ட வரிசையில் நின்றவர்களில் ஒருவன் சார்ல்ஸ் கிட்டோ. வக்கீல் தொழில், மதப் பிரசங்கம் என்று எதை எடுத்தாலும் உருப்படாதவன், வாடகை கொடுக்காமல் விடுதி விட்டு விடுதி ஓடியவன். முதலில் கிராண்டுக்காக எழுதிய ஒரு பிரசாரப் பேச்சை, பெயரை மாற்றிக் கார்ஃபீல்டுக்கு ஆக்கி அச்சடித்தான். தேர்தலில் ஜெயிக்க வைத்ததே அந்தப் பேச்சுதான் என்று நம்பினான். அதற்குக் கூலியாகப் பாரீஸில் அமெரிக்கத் தூதரக அதிகாரி பதவி கேட்டு வாரக்கணக்கில் அலைந்தான். மே மாதம் வெளியுறவு அமைச்சர் பிளேன் பொறுமை இழந்து, இனி உயிருள்ளவரை பாரீஸைப் பற்றி என்னிடம் பேசாதே என்று விரட்டிவிட்டார். அப்புறம்தான் ஜனாதிபதியை அகற்றுவது கடவுள் இட்ட கட்டளை என்று அவனுக்குத் தோன்ற ஆரம்பித்தது. கடன் வாங்கித் துப்பாக்கி வாங்கினான். பின்னால் அருங்காட்சியகத்தில் வைக்கும்போது அழகாக இருக்கும் என்று தந்தப் பிடி போட்டதைப் பார்த்து வாங்கினான். தன்னை அடைக்கப்போகும் சிறையை முன்கூட்டியே போய்ப் பார்த்தும் வந்தான். அவன் மனநோயாளி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவன் பித்துக்கு உருவம் கொடுத்தது, பேச்சு எழுதினால் பதவி கிடைக்கும் என்ற ஊர் வழக்கம். அந்த எதிர்பார்ப்பு அவனோடு வரிசையில் நின்ற எல்லோரிடமும் இருந்தது.

ஜூலை 2, சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி வாக்கில் கார்ஃபீல்ட் வாஷிங்டனின் பால்டிமோர் அண்ட் பொட்டோமாக் ரயில் நிலையத்துக்குள் நுழைந்தார். கூடப் பிளேன். காவலுக்கு ஒரு ஆள்கூட இல்லை. லிங்கன் சுடப்பட்டுப் பதினாறு வருஷமாகியும் ஜனாதிபதிக்குக் காவல் என்ற ஏற்பாடு வரவில்லை. லிங்கனின் மகன் ராபர்ட், போர்த்துறை அமைச்சராக அதே நிலையத்தில் அன்று இருந்தார். கிட்டோ பின்னாலிருந்து இரண்டு முறை சுட்டான். ஒன்று கையை உரசிச் சென்றது, மற்றது முதுகில் பாய்ந்தது. நான் ஸ்டால்வார்ட், இனி ஆர்தர்தான் ஜனாதிபதி என்ற பொருள்படச் சொல்லிக்கொண்டே பிடிபட்டான்.

இனி இரண்டாவது பழக்கம். நிலையத்தின் தரையில் கிடந்தபோதே முதலில் வந்த டாக்டர் தன் விரலைக் காயத்துக்குள் விட்டுப் பார்த்தார். ராபர்ட் லிங்கன் ஆள் அனுப்பி வரவழைத்த வில்லார்டு பிளிஸ், உலோகக் கம்பியையும் விரலையும் விட்டுத் துழாவினார். வைத்திய முறையில் அன்றைக்கு இது சகஜம். ஆனால் தெரியாமல் செய்தது என்று தள்ளிவிட முடியாது. கிருமிகள்தான் காயத்தைச் சீழ்பிடிக்க வைக்கின்றன, கார்பாலிக் அமிலத்தால் கையையும் கருவியையும் சுத்தம் செய்ய வேண்டும் என்று பிரிட்டனின் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் 1867-லேயே எழுதிவிட்டார். 1876-ல் ஃபிலடெல்ஃபியாவுக்கே வந்து அமெரிக்க டாக்டர்கள் முன் விளக்கினார். இளைய தலைமுறையில் சிலர் கேட்டுக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சியாவது, மனுஷனைக் கொல்வதாவது என்று மூத்தவர்களில் பலர் ஒதுக்கினார்கள்.

தோட்டா எந்த முக்கியமான உறுப்பையும் பெரிய இரத்தக் குழாயையும் அப்போதைக்குச் சேதப்படுத்தவில்லை. முதுகெலும்பில் புகுந்து போயிருந்தும் தண்டுவடம் தப்பியது. உள்நாட்டுப் போரில் சுடப்பட்டுத் தோட்டாவோடே பல வருஷம் வாழ்ந்த வீரர்கள் நிறையப் பேர் அன்றைக்கு உயிரோடு இருந்தார்கள். சும்மா விட்டிருந்தால் கார்ஃபீல்டும் பிழைத்திருப்பார் என்று இன்றைய மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள்.

சும்மா விடத்தான் பிளிஸுக்கு மனம் வரவில்லை. மற்ற டாக்டர்களில் பலரை அனுப்பிவிட்டு முழுப் பொறுப்பையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஒரு நாளைக்குப் பல தடவை அறிக்கை வெளியிட்டு, நோயாளி தேறி வருகிறார் என்று நாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். டெலிபோன் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல், உடம்புக்குள் இருக்கும் உலோகத்தை ஒலியால் காட்டும் கருவி ஒன்றை இரவு பகலாக உழைத்துச் செய்துகொண்டு வந்தார். பழைய போர் வீரர்கள் உடம்பில் சோதித்தபோது அது வேலை செய்தது. ஜனாதிபதியின் படுக்கையருகே குழப்பமான சத்தம்தான் வந்தது. மெத்தைக்குக் கீழே எஃகுச் சுருள்கள் இருந்தன. அதைவிட மோசம், பிளிஸ் வலதுபக்கம் மட்டுமே தேட அனுமதித்தார். தோட்டா அங்கேதான் என்று அவர் ஏற்கெனவே அறிவித்துவிட்டாரே! ஒரு கண்டுபிடிப்பாளர் கருவியோடு வாசலில் வந்து நிற்க, ஒரு டாக்டரின் வீம்பு அதை வேறு பக்கம் பார்க்கவிடாமல் தடுத்தது. இந்தக் கதையில் என்னை மிகவும் கோபப்படுத்தும் இடம் இதுதான்.

வாஷிங்டனின் கோடைப் புழுக்கத்தைத் தணிக்க, கடற்படைப் பொறியாளர்கள் ஒரு பெட்டி செய்தார்கள். உள்ளே துணித் திரைகள், அவற்றை நனைக்கும் பனிக்கட்டி நீர், ஊடே காற்றைத் தள்ளும் விசிறி. டன் கணக்கில் பனிக்கட்டி கரைந்து, நோயாளியின் அறை ஓரளவு குளிர்ந்தது. உடம்பு மட்டும் தேறவில்லை. சீழ்க்கட்டிகளை அறுப்பதும் மறுபடி துழாவுவதுமாக நாட்கள் போயின. எதுவும் வயிற்றில் தங்காமல், ஆசனவாய் வழியாக இறைச்சிச் சாறும் முட்டைக் கருவும் செலுத்தினார்கள். சுமார் 95 கிலோ இருந்தவர் 60 கிலோவுக்கு இறங்கினார். அவர் கடலைப் பார்க்க ஆசைப்பட்டார். செப்டம்பர் 6-ல் ரயிலில் எல்பெரோனுக்குக் கொண்டு போனார்கள். நிலையத்திலிருந்து வீட்டு வாசல் வரை ஆயிரம் மீட்டர் அளவுக்குத் தண்டவாளத்தை ஊர்மக்களும் தொழிலாளிகளும் ஒரே ராத்திரியில் போட்டு முடித்தார்கள். கடைசி மேட்டில் எஞ்சின் ஏற முடியாமல் நின்றபோது, கூடியிருந்தவர்கள் ரயில்பெட்டியைக் கையாலேயே தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். 19-ஆம் தேதி இரவு கார்ஃபீல்ட் இறந்தார். வயது 49.

நான் சுட்டது உண்மை, கொன்றது டாக்டர்கள் என்று கிட்டோ கோர்ட்டில் வாதாடினான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1882 ஜூன் 30-ல் தூக்கிலிட்டார்கள். வைத்தியத்துக்கு பிளிஸ் 25,000 டாலர் கேட்டார். காங்கிரஸ் 6,500 தருவதாகச் சொல்ல, அவமானம் என்று மறுத்துவிட்டார். கார்ஃபீல்டின் சாவுக்குப் பிறகு சில வருஷங்களில் அமெரிக்க அறுவை சிகிச்சைக் கூடங்களில் லிஸ்டர் முறை வேரூன்றியது.

இன்னொரு சிக்கலும் அந்தக் கோடையில் வெளிப்பட்டது. ஜனாதிபதி உயிரோடு இருக்கிறார், வேலை செய்ய முடியாது. அப்போது யார் ஆள்வது? அரசியல் சட்டத்தில் தெளிவு இல்லை. கொலைகாரன் தன் பெயரைச் சொன்ன அவமானத்தில் குன்றிப்போயிருந்த ஆர்தர், பொறுப்பை எடுக்க மறுத்து நியூயார்க்கிலேயே இருந்தார். இதற்கு விடை வர 1967-ல் 25-வது திருத்தம் நிறைவேற வேண்டியிருந்தது.

ஆர்தர் ஜனாதிபதியானதும் பழைய கூட்டம் கொண்டாடியது. அவர் கெட்டுப்போன நாற்காலியிலிருந்து வந்தவர் என்று மற்றவர்கள் பயந்தார்கள். கார்ஃபீல்ட் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஆகஸ்ட் கடைசியிலேயே ஜூலியா சாண்ட் என்ற முன்பின் தெரியாத பெண் ஆர்தருக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்களிடம் நல்ல குணம் ஒரு பொறியாவது இருந்தால் அதை வெளிக்காட்ட இதுதான் நேரம், திருந்துங்கள் என்பது அதன் சாரம். மேலும் பல கடிதங்கள் எழுதினார். ஆர்தர் கோபப்படவில்லை. 1882-ல் ஒரு நாள் ஜூலியாவின் வீட்டுக்கே போய்ப் பார்த்தார், கடிதங்களைப் பத்திரமாகவும் வைத்திருந்தார். 1883 ஜனவரி 16-ல் பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்திட்டார். அரசு வேலைக்குப் போட்டித் தேர்வு, கட்சிக்குப் பணம் கட்டவில்லை என்று யாரையும் நீக்கக் கூடாது என்ற தடை, இரண்டையும் கண்காணிக்க ஓர் ஆணையம். சட்டத்தை வரைந்த டார்மன் ஈட்டன், பிரிட்டனில் தேர்வு முறை எப்படி வேலை செய்கிறது என்று முன்பே ஆராய்ந்து எழுதியிருந்தார். அந்தப் பிரிட்டன் 1855-லேயே இந்திய ஆட்சிப் பணிக்குப் பொதுப் போட்டித் தேர்வைத் தொடங்கியிருந்தது. இன்று குரூப் தேர்வுக்குப் புத்தகம் புரட்டும் நம் பிள்ளைகள் எழுதும் தேர்வுகளின் பூர்வீகமும் அங்கேதான் இருக்கிறது.

தொடக்கத்தில் மத்திய அரசு வேலைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் சட்டம் பொருந்தியது. ஐம்பது பேருக்கு மேல் வேலை பார்க்கும் சுங்க அலுவலகங்கள் அதில் அடக்கம் என்பதால், ஆர்தரும் கான்க்ளிங்கும் ஆண்ட நியூயார்க் சுங்க இலாகாவே முதல் பட்டியலில் வந்தது. மேலும் மேலும் வேலைகளைச் சேர்க்க ஜனாதிபதிக்கு அதிகாரம் இருந்தது. பதவி முடிந்து போகிறவர்கள் தாங்கள் போட்ட ஆட்களைப் பின்னால் வருகிறவர் நீக்கிவிடக் கூடாது என்பதற்காகவே பட்டியலை நீட்டிக்கொண்டே போனார்கள். சுயநலத்திலும் சட்டம் வளர்ந்தது.

கறுப்பினக் குழந்தைகளின் படிப்புக்கு மத்திய அரசின் பணம் என்ற கார்ஃபீல்டின் எண்ணம் அப்படிச் சட்டமாகவில்லை. அதே 1883-ல் உச்ச நீதிமன்றம், பொது இடங்களில் நிறப் பாகுபாட்டைத் தடுத்த 1875 சட்டத்தைச் செல்லாது என்றது. அவர் சாவின் இழப்பில் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன்.

தேர்வுச் சட்டத்துக்கும் எதிர்பாராத ஒரு விளைவு உண்டு. ஊழியர் சம்பளத்திலிருந்து வந்த நிதி வற்றியதும் கட்சிகள் பெரிய கம்பெனிகளின் பக்கம் திரும்பின. 1896-ல் ஜனாதிபதி வேட்பாளர் மெக்கின்லியின் தேர்தலுக்காக, கார்ஃபீல்டின் சொந்த ஒஹையோவைச் சேர்ந்த மார்க் ஹன்னா, வங்கிகளின் மூலதனத்துக்கு இத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டே நன்கொடை வசூலித்தார். கம்பெனிகள் மத்தியத் தேர்தல்களுக்குப் பணம் கொடுப்பதைத் தடுக்க 1907-ல் டில்மன் சட்டம் என்று இன்னொன்று கொண்டுவர வேண்டியதாயிற்று.